தம்மாமுக்குப் போன தந்தி

"அரபுக்காரனப் பத்தி நீ இன்னாத்துக்குப் பாப்பா படிக்கிற? அவன் உன்னப் பத்திப் படிச்சிக்கினா கீறான்?"

கேட்டவர் என் தாய்மாமா. ஆவடியில் மத்திய அரசு ஆலை ஒன்றில் வேலை, ஆலைக் குடியிருப்பில் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சென்னீர்க்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார். அன்று நான் மடித்து வைத்திருந்த செய்தித்தாளின் வெளிநாட்டுப் பக்கத்தில் எலும்பை ஒவ்வொன்றாகத் துப்பிக்கொண்டே கேட்டார்.

"அக்கா அங்கதான மாமா கீறா?"

"அவ பாத்திரம் கழுவறா. அதுக்கு நீ ராஜா பேரெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?"

உள்ளே அம்மா சிரித்தது கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். என் படிப்பைப் பார்த்து யார் சிரித்தாலும் அன்றைக்குப் பொறுக்காது. இன்றைக்கும் அப்படித்தான்.

எரிந்த எண்ணெய்

அரபு நாடுகளை நான் முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு டி.வி.யில். வளைகுடாவில் போர் நடந்த சமயம். எண்ணெய்க் கிணறுகள் எரிந்து, பட்டப்பகலில் வானம் கறுத்துக் கிடந்தது. இங்கே ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை தெருமுனை வரை நின்றது. "அங்க எண்ணெ எரியுது, இங்க அடுப்பு எரியல" என்று மாமா சொல்லிவிட்டு வரிசையில் நின்றவர்களையும் சிரிக்கவைத்தார்.

அந்தப் போர் முடிந்து கொஞ்ச காலத்தில் அப்பா போய்விட்டார். பாடியில் லாரி ஷெட்டில் மூட்டை சரிந்து அவர்மேல் விழுந்ததை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அம்மாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டும் போல்ட்டும் பொறுக்கிப் பெட்டியில் போடும் வேலை. அக்கா ஸ்டெல்லா மேரி, அஞ்சாவதோடு நின்றவள், கொரட்டூரில் ஏரிக்கரைப் பக்கம் இரண்டு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தாள். நான் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன்.

பூந்தமல்லியில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அம்மா ஒருவர் இருந்தார். "சண்ட முடிஞ்சி போச்சி. இப்ப அங்க ஊட்டு வேலைக்கு ஆளே பத்தல" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். நானும் படிப்பை நிறுத்திவிட்டு எஸ்டேட்டுக்குப் போகலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் அடிபட்ட நேரம் அது. அக்கா அந்தப் பேச்சை முடித்துவைத்தாள். "நான் போறேன். இவ படிக்கட்டும்."

சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையில் இருக்கும் தம்மாம் என்ற ஊருக்குப் போனாள். இரண்டு வருட ஒப்பந்தம்.

நான் அம்பத்தூர் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஆண்கள் கிரிக்கெட் பக்கத்துக்கு அடித்துக்கொள்ளும் மேஜையில், யாரும் தொடாத வெளிநாட்டுப் பக்கம் எனக்குச் சுலபமாகக் கிடைத்தது. யார் ராஜா, யார் பட்டத்து இளவரசர், எந்த எல்லையை வெள்ளைக்காரன் அடிஸ்கேல் வைத்துப் போட்டான், பாலஸ்தீனத்துக்காரர்கள் ஏன் ஊர் ஊராக அலைகிறார்கள், எல்லாம் படித்தேன். அங்கே போகும் வேலைக்காரருக்கு ஒரு குடிமகன் பொறுப்பேற்க வேண்டும், அவர் கையெழுத்துப் போடாமல் நாட்டைவிட்டு வெளியே வர முடியாது என்பதையும் படித்தேன். பாலைவனத்தில் வழி தவறி வந்த அந்நியனை ஒரு வீடு தன் காவலில் எடுத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தின் நிழல் இது என்று ஒரு புத்தகம் சொன்னது. காவலாக இருந்தது எப்போது பூட்டாக மாறியது என்று அதில் எழுதவில்லை.

அக்காவின் பாஸ்போர்ட் அந்த வீட்டுக்காரரின் பீரோவில் இருந்தது. அவரை அவள் 'பாபா' என்பாள், அவர் மனைவியை 'மேடம்'.

நோன்பு முடியட்டும்

அக்காவுக்கு எழுத வராது. கேசட்டில் பேசி அனுப்புவாள். விடுப்பில் வரும் யாராவது கொண்டுவந்து தருவார்கள். அவள் வாங்கியனுப்பிய டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். அவள் குரலுக்குப் பின்னால் குழந்தைகள் கத்தும், தண்ணீர் ஓடும், மேடம் யாரையோ கூப்பிடுவார்.

இரண்டு வருடம் முடிந்தது. அக்கா வரவில்லை.

"நோம்பு முடியட்டும்னாங்க பாப்பா. நோம்பு முடிஞ்சிச்சி. அப்பால ஹஜ்ஜு முடியட்டும்னாங்க. இப்ப மேடத்துக்குப் பிரசவம் ஆவட்டும்னு சொல்றாங்க. அடிக்கிறதில்ல, பட்டினி போடறதில்ல. ஊட்டுக்கு மட்டும் உட மாட்டேங்கிறாங்க. ஒரு தபா அம்மா மூஞ்சப் பாத்துட்டு வந்துடறேன்னு கேட்டுக்கினேதான் கீறேன்."

அம்மா அந்தக் கேசட்டைக் கேட்ட பிறகு எஸ்டேட்டிலிருந்து வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தாள். மூன்றாம் வருடம் பாதி கடந்திருந்தது. மாமாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சை எடுத்தார்.

"யக்கா, ஒரே ஒரு வழிதான் கீது. உன்ன சாவடிக்கணும்."

"இன்னாடா சொல்ற?"

"தந்தி."

குடியிருப்பின் வழக்கம்

ஆவடிக் குடியிருப்பில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருநெல்வேலி, வேலூர், மதுரை என்று எல்லா ஊர்க்காரர்களும் அங்கே இருந்தார்கள். அறுவடைக்கோ, மச்சினன் கல்யாணத்துக்கோ, வரப்புத் தகராறுக்கோ லீவு கேட்டால் கிடைக்காது. ஊரிலிருந்து தந்தி வந்தால் கிடைக்கும். 'தாய் கவலைக்கிடம், உடனே புறப்படு.' மாமாவின் பிரிவில் ஒருவர் தன் அப்பாவை இரண்டு முறை சாகடித்திருந்தார். இரண்டாம் முறை அதிகாரியே தோளைத் தட்டி, "பாத்துப்பா, அடுத்த தபா சித்தப்பாவ வெச்சிக்கோ" என்றாராம்.

அதில் யாரும் ஏமாறுவதில்லை என்பதுதான் விஷயம். கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். இவன் போயே ஆக வேண்டும் என்பதைச் சொல்ல எல்லாரும் ஒத்துக்கொண்ட முறை அது.

மாமா 'கவலைக்கிடம்' போதும் என்றார். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு யோசித்தாள்.

"சீரியஸுன்னா நாளைக்கு நாளைக்குன்னுவான். செத்துட்டேன்னே எழுது. அப்பதான் உடுவான்."

"உன் வாயால சொல்லாதக்கா."

"என் சாவு, நான் சொல்லாம எவ சொல்லுவா? எழுதுடா."

மாமா ஆவடித் தந்தி ஆபீசில் கொடுத்தார். ஆங்கில வாசகத்தை யாரும் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை. குடியிருப்பில் அது எல்லாருக்கும் மனப்பாடம்.

அக்கா அழுதுகொண்டே வந்து இறங்குவாள், வாசலில் அம்மாவைப் பார்ப்பாள், அடிப்பாள், அப்புறம் சிரிப்பாள். எங்கள் திட்டம் அவ்வளவுதான். அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏதாவது ஒரு வண்டி வேகம் குறைத்தால் எழுந்து போய்ப் பார்ப்பாள். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

அக்கா வரவில்லை. கேசட் வந்தது.

கேசட்டின் இரண்டு பக்கம்

"பாப்பா… பாபா தந்தியப் படிச்சிட்டு மேடத்தாண்ட இன்னாவோ சொன்னாரு. மேடம் வயித்தப் புடிச்சிகினு வந்து அடுப்படித் தரையில என் பக்கத்துல உக்காந்தாங்க. என்னக் கட்டிப் புடிச்சிகினு அழுதாங்க. மூணு நாளு ஒரு டம்ளரு கழுவ உடல. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்கள்லாம் சோறாக்கி எடுத்துகினு வந்தாங்க. எனக்குப்பா, எனக்கு. இத்தினி நாளும் நான் காபி ஊத்தினேனே, அவங்கதான். அவங்க எனக்கு ஊத்திக் குடுத்தாங்க. 'மர்யம், மர்யம்'னு தலயத் தடவிக் குடுத்தாங்க."

மேரி என்ற பெயரை அந்த வீட்டில் மர்யம் என்றுதான் சொன்னார்கள்.

"ஊட்டுக்கு அனுப்பிடுங்கன்னு பாபா கால்ல வுழுந்தேன். பதறிப் போயி நகந்துகினாரு. அம்மா என்னிக்குப் போனாங்கன்னு தந்தியத் திருப்பி எடுத்துப் பாத்தாரு. அப்ப அன்னிக்கே அடக்கம் பண்ணியிருப்பாங்களேம்மா, நீ இப்பப் போயி யாரப் பாக்கப் போறன்னாரு. இங்கியே வேண்டிக்கோ, சாமிக்குக் கேக்கும்னாரு. அவரு கண்ணுலயும் தண்ணி பாப்பா."

அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் சாவு காத்திருக்கும். அப்பா இறந்தபோது சித்தப்பா பம்பாயிலிருந்து ரயிலேறி வரும் வரை ஐஸ் பாளத்தின் மேல் கிடத்தி வைத்திருந்தோம். ஈ ஓட்டிக்கொண்டு, கரைந்த தண்ணீரை மக்கில் மொண்டு கொட்டிக்கொண்டு. பெற்ற பிள்ளை வந்து முகம் பார்க்காமல் பெட்டியை மூடமாட்டார்கள். அப்புறம் ஏழாம் நாள் பூசை, முப்பதாம் நாள் பூசை. தந்தியைப் பார்த்ததும் அதிகாரி லீவு கொடுப்பது அதனால்தான்: அங்கே ஒரு உடல் அவனுக்காகக் காத்துக்கிடக்கிறது.

அவர்கள் ஊரில் காலையில் இறந்தவர் மாலைக்குள் மண்ணுக்குள் இருப்பார். தூரத்தில் இருக்கும் பிள்ளை இருந்த இடத்திலேயே தொழுதுவிட்டு எழுந்திருப்பான். மூன்று நாள் வீட்டுக்கு ஆள் வரும், சோறு வரும். பிறகு வேலையைப் பார்ப்பார்கள். அந்த மூன்று நாளையும் பாபா என் அக்காவுக்கு முழுதாகக் கொடுத்திருந்தார். தன் தங்கைக்குக் கொடுப்பதைக் கொடுத்திருந்தார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்குத் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

பூந்தமல்லியில் பள்ளிவாசல் தெரு வழியாகத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அங்கும் அன்றைக்கே அடக்கம் செய்வார்கள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். ஆனால் அதைத் தம்மாமோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அரேபியா என்றால் எண்ணெய், ராஜா, சண்டை. அங்கேயும் மனிதர்கள் சாவார்கள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

"அடுத்த பக்கத்தப் போடு" என்றாள் அம்மா.

அடுத்த பக்கத்தில் அக்கா அழவில்லை. குரல் தெளிவாக இருந்தது. "இனிமே அங்க வந்து யாரப் பாக்கப் போறேன். நீ மாமா ஊட்டுல இருந்து படிச்சி முடி பாப்பா. இன்னும் ரெண்டு வருசம் இருக்கேன்னு பாபாவாண்ட சொல்லிட்டேன். கையெழுத்து போட்டாச்சி."

வாயை மூடிய அம்மா

உடனே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று இதைப் படிப்பவர்கள் கேட்கலாம். அன்று ராத்திரிச் சோறு வரை நாங்களும் அதைத்தான் பேசினோம்.

"கேசட்ட அந்த ஊட்டு டிரைவரு மலையாளத்தான்கூட கேப்பான், அவனுக்குத் தமிழ் தெரியும்னு அவளே சொல்லிகீறா" என்றார் மாமா. "போன் நடு ஹால்ல கீது. விசயம் தெரிஞ்சா அவ பொய்க்காரி ஆயிடுவா. அழுத பொம்பளைங்க எல்லாம் திரும்பிக்குவாங்க. பாஸ்போர்ட்டு அவன் பீரோல. வெளிய தள்ளினா எங்க போவா?"

எதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருக்கும் மாமாவின் முகத்தில் அன்றுதான் பயத்தைப் பார்த்தேன்.

"சரி உடு" என்றாள் அம்மா. "செத்தவளாவே இருந்துட்டுப் போறேன்."

அதன் பிறகு நாங்கள் கேசட் பதிவு செய்த விதம் இது. நான் பொத்தானை அழுத்திப் பேசுவேன். பரீட்சை, மழை, குழாயில் தண்ணீர் வராதது. அம்மா எதிரில் சுவரில் சாய்ந்து, முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு கேட்பாள். இருமல் வந்தால் கையை ஆட்டுவாள், நான் நிறுத்துவேன். இருமிவிட்டு வந்து உட்காருவாள். நான் ஏதாவது சொல்ல மறந்தால் என் முழங்காலைத் தொட்டுச் சைகை காட்டுவாள்: வெயிலில் அலையாதே என்று சொல், முடிக்கு எண்ணெய் வை என்று சொல். நான் என் புத்திமதிபோலச் சொல்வேன்.

அம்மா செத்துவிட்டாள் என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்ல நாக்கு வரவில்லை. அதற்கும் அக்காவிடமிருந்து பதில் வந்தது. "அம்மாவப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேங்கிறியே பாப்பா. படிச்சா நெஞ்சு கல்லாயிடுமா? கல்லறைத் திருநாளுக்காவது அம்மாவுக்கு ஒரு மெழுவர்த்தி ஏத்து."

அந்த நவம்பரில் அம்மாவும் நானும் கல்லறைக்குப் போனோம். அப்பாவின் சிலுவைக்கு முன்னால் அம்மா ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். இன்னொன்றைப் பையிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு பக்கத்தில் இருந்த வெறும் மண்ணில் நட்டு, அதையும் ஏற்றினாள்.

"கேட்டுகீறாளே பொண்ணு" என்றாள்.

மேடத்தின் குரல்

நான் அரபி படிக்கச் சேர்ந்தது அதற்கு அடுத்த மாதம். நகரத்தில் மாலை வகுப்பு. நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் சிலுவையோடும் உட்கார்ந்திருந்த என்னை முதல் நாள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

வகுப்பில் சொல்லித்தந்தது புத்தக அரபி. வீட்டில் பேசும் அரபிக்கு என்னிடம் இருந்தது அக்காவின் கேசட்டுகள்தான். இவ்வளவு காலமும் அவள் பேசியதைக் கேட்டேன். இப்போது அவளுக்குப் பின்னால் இருந்ததைக் கேட்க ஆரம்பித்தேன். மேடம் குழந்தையைத் திட்டுவார். உப்பு கேட்பார். யாரிடமோ போனில் சிரிப்பார். ஒரு கேசட்டில், அக்கா எங்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே, மேடம் கதவோரம் வந்து ஏதோ கேட்டார். இருபது தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் புரிந்தது. "சாப்பிட்டாயா? அழுகிறாயா?"

இந்தப் பெண்ணைத்தான் நாங்கள் எல்லாரையும்விட அதிகமாக ஏமாற்றியிருக்கிறோம் என்று அப்போது உறைத்தது. ஆவடி அதிகாரிக்குத் தந்தி பொய் என்று தெரியும். இவருக்குத் தெரியாது. நிறைமாத வயிற்றோடு தரையில் உட்கார்ந்து நிஜமாக அழுதவர். உண்மை அக்காவின் வாயிலிருந்து இவருக்குப் போனால் அக்கா பொய்க்காரி. எங்கள் வாயிலிருந்து, இவர் மொழியில், முதலில் இவருக்கே போனால் பொய் எங்களோடு நிற்கும்.

மேடத்துக்கே போன் போட்டுச் சொல்லப்போவதை மாமாவிடம் சொன்னேன். "போலீஸு கீலீஸுன்னு போயிட்டா?" என்றார். "நாலு எழுத்து அரபி கத்துகினா அவங்க மனசு தெரிஞ்சிடுமா உனக்கு?"

"தெரியாது மாமா. அதான் கேக்கப் போறேன்."

அம்மா எழுந்து புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம்

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே கண்ணாடிக் கூண்டு போட்ட ஐ.எஸ்.டி. பூத். பாபா தொழுகைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வெள்ளிக்கிழமை மதியம் போனோம். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். மேடத்தின் குரல் வந்ததும் எனக்கு உடனே தெரிந்தது. அவ்வளவு நாள் கேட்ட குரல்.

சலாம் சொல்லிவிட்டு நான் ஆரம்பித்த விதத்தைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். நான் பேசியது ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் இருந்திருக்க வேண்டும். யார் என்று கேட்டார்.

"மர்யமின் தங்கை."

சிரிப்பு நின்றது. ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்திருப்பார். நான் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிவந்த வாக்கியங்களைச் சொன்னேன். "நீங்கள் என் அக்காவோடு மூன்று நாள் அழுதீர்கள். எங்கள் அம்மா இறக்கவில்லை. அக்காவை வீட்டுக்கு வரவைக்க நாங்கள் பொய் சொன்னோம். அவளுக்கு இது தெரியாது. உங்களைப் போலவே அவளும் நம்பினாள்."

அந்தப் பக்கம் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை சிணுங்கியது. அம்மா 'செத்த' மாதம் வயிற்றில் இருந்த குழந்தையாக இருக்கும்.

"அவளுக்கு இன்றுவரை தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாது."

வேகமாக என்னவோ சொன்னார். திட்டாக இருக்கலாம், ஜெபமாகவும் இருக்கலாம். வகுப்பிலும் இல்லை, கேசட்டிலும் இல்லை. என்னால் பிடிக்க முடியவில்லை. பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "இதை நான் அவளிடம் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே. உன் அம்மா சொல்லட்டும்."

ரிசீவரை எங்கோ வைக்கும் சத்தம். செருப்புச் சத்தம் தூரமாகப் போனது.

நான் கதவைத் திறந்து அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். இரண்டு பேர் நின்றால் கூண்டின் கதவு மூடாது. பேருந்துகளின் ஹாரன் எல்லாம் உள்ளே வந்தது.

"இன்னான்னுடி ஆரம்பிக்கிறது?" என்றாள் அம்மா. அவள் உதடு உலர்ந்து வெடித்திருந்தது.

ரிசீவருக்குள் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது, இந்த முறை வேகமாக. "அல்லோ?" என்றாள் அக்கா.

ரிசீவரை அம்மாவின் காதில் வைத்து, அவள் கையை எடுத்து அதைப் பிடிக்கவைத்துவிட்டு, நான் வெளியே வந்து நின்றேன்.

"ஸ்டெல்லா" என்றாள் அம்மா. "நான்தாண்டி. திட்டு. முதல்ல திட்டிடு."